வேலிக்கு அப்பால் விழுந்த வேட்டை

ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள். உங்கள் தோட்டத்தைச் சுற்றி வேலி இருக்கிறது. வாயிற்படலைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அண்டை நிலத்தில் அடிபட்ட ஒரு பிராணி உயிருக்கு அஞ்சி ஓடிவந்து, உங்கள் வேலியைத் தாண்டி உங்கள் பாத்தியில் விழுந்து கிடக்கிறது. சற்று நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். "அண்ணே, உள்ளே வந்து பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வீர்கள்?

நிலம் உங்களுடையது. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது. மறுத்துவிட்டால் அவரால் என்ன செய்ய முடியும்? ஆனால் உள்ளே துடித்துக் கொண்டிருப்பது உங்களுடையதா? அதை அடைவதற்குரிய ஒரே வழி உங்கள் நிலத்தின் வழியாக இருக்கும்போது, அந்த வழியை அடைப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டா? உரிமையே இருந்தாலும் அப்படி அடைப்பது முறையா?

சிறிய கேள்விதான். ஆயினும் உடைமை, அண்டையார், வாயில்லா ஜீவன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. மார்க்கமும் சட்டமும் நம் மண்ணின் அனுபவமும் இது பற்றிக் கூறுவதை முறையாகக் காண்போம்.

தமிழ் மண்ணின் பழைய கேள்வி

இக்கேள்வி நமக்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் குறிஞ்சித் தலைவன் தினைப்புனத்தின் ஓரத்தில் வந்து நின்று, தான் எய்த விலங்கு இப்பக்கம் வந்ததா என்று புனம் காக்கும் மகளிரிடம் கேட்பது ஒரு மரபு. கெடுதி வினாதல் என்று இதற்குப் பெயர். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று இதற்கெனத் தனித் துறைகளே அமைந்துள்ளன. தலைவன் தேடி வந்தது யானையையோ மானையோ அல்ல என்பது படிப்பவருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாக்கு எடுபட வேண்டுமானால், அப்படி வந்து கேட்பது நாட்டில் இயல்பான வழக்கமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அம்பு பாய்ந்த விலங்கு பிறர் புனத்துக்குள் போய்விட்டால், எய்தவன் எல்லையில் நின்று கேட்பான். புனத்துக்குரியவர் பதில் சொல்வார். இது அன்றைய நாகரிகம்.

நம் கரிசல் சீமைக்கு அண்மையில், எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவர், சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்றே ஒரு படலத்தைப் பாடி வைத்தார். வேடன் பிடித்து வைத்திருந்த பிணைமான், தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாக முறையிடுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மானுக்காக மனம் இரங்கிய நிலையிலும், பிடித்த வேடனுக்கு அதன் மீதிருந்த உரிமை மறுக்கப்படவில்லை. இரக்கமும் நீதியும் ஒன்றாக நிற்கும் இடம் என்பதால்தான் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் இப்படலம் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்தது.

ரவ்ஹாவில் கிடந்த காட்டுக்கழுதை

காவியத்தை விட்டு ஹதீஸ் நூல்களுக்கு வருவோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் நஸயீயிலும் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்தவர்களாகத் தோழர்களுடன் மக்காவை நோக்கிச் செல்கிறார்கள். ரவ்ஹா என்னும் இடத்தில் காயம்பட்ட ஒரு காட்டுக்கழுதை கிடக்கிறது. தோழர்கள் தெரிவிக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடுமாறும், அதற்கு உரியவர் விரைவில் வந்துவிடக் கூடும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறுகிறார்கள். அவ்வாறே அதைக் காயப்படுத்திய பஹ்ஸீ என்பவர் வந்து சேர்கிறார். தாங்கள் விரும்பியபடி செய்துகொள்ளுங்கள் என்று அதை ஒப்படைக்கிறார். அதன் பிறகே நாயகம் (ஸல்) அவர்களின் ஆணைப்படி அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைத் தோழர்களுக்குப் பங்கிடுகிறார்கள்.

பயணம் தொடர்கிறது. வழியில் ஒரு நிழலில் அம்பு தைத்த மான் ஒன்று படுத்திருக்கிறது. இம்முறை உரியவர் எவரும் வரவில்லை. கூட்டம் முழுவதும் கடந்து போகும் வரை எவரும் அம்மானைத் தொந்தரவு செய்யாதபடி அதனருகே நின்று காக்குமாறு ஒரு மனிதரை நாயகம் (ஸல்) அவர்கள் நியமிக்கிறார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதலாவது, கண்டவருக்கெல்லாம் அது சொந்தமாகிவிடவில்லை. காயப்படுத்தியவரின் உரிமை மதிக்கப்பட்டது. இரண்டாவது, உரியவர் வராத இடத்திலும் காயம்பட்ட பிராணி கேட்பாரற்ற பொருளாகக் கருதப்படவில்லை. அதைக் காப்பதற்கென ஒரு மனிதரின் நேரம் செலவிடப்பட்டது.

நிலம் ஒருவருக்கு, பிராணி யாருக்கு?

ஃபிக்ஹு மேதைகள் இதை மேலும் நுணுகி ஆராய்ந்தார்கள். ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயாவை எழுதிய இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் 1197இல் மறைந்தவர்கள். ஒருவருடைய நிலத்தில் பறவை முட்டையிட்டாலோ, குஞ்சு பொரித்தாலோ, மான் வந்து ஒதுங்கினாலோ, நிலத்துக்காரர் என்ற ஒரே காரணத்தால் அவை அவருக்குச் சொந்தமாகிவிடா என்று அந்நூல் கூறுகிறது. வேட்டைப் பிராணி அதைப் பிடிப்பவருக்கே உரியது. பிடிப்பதற்கென்றே நிலத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்தால் மட்டும் நிலை வேறு. ஆனால் அதே நிலத்தில் தேனீ கூடு கட்டித் தேன் சேர்த்தால் அத்தேன் நிலத்துக்காரருக்கே உரியது. ஏனெனில் தேன் நிலத்தின் விளைச்சலைப் போன்றது. மான் அத்தகையது அன்று. எவ்வளவு நுட்பமான பாகுபாடு பாருங்கள்!

ஷாஃபி மத்ஹபிலும் கருத்து இதற்கு அண்மையில்தான் இருக்கிறது. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், ஒருவருடைய நிலத்துச் சேற்றில் வேட்டைப் பிராணி சிக்கிக்கொண்டாலும் அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார்கள். மாறாக, தப்பியோட முடியாதபடி அதை எவர் காயப்படுத்தினாரோ அவருக்கே அது உரிமையாகிறது.

காலதாமதம் பற்றியும் மார்க்கம் பேசுகிறது. அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடைகள் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளன. எய்த பிராணி ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் தன் அம்பின் காயத்தைத் தவிர வேறு காயம் இல்லையென்றால் உண்ணலாம். நீரில் மூழ்கிக் கிடக்கக் கண்டால் உண்ணலாகாது. அம்பினால் இறந்ததா, நீரினால் இறந்ததா என்ற ஐயம் எழுந்துவிடுகிறதே! ஆகவே தேடிச் செல்பவருக்கு ஒவ்வொரு நாழிகையும் பெறுமதி உடையது. வேலியை மூடியவர் வெறும் வழியை மட்டும் மூடவில்லை. ஹலாலான ஒன்றை ஹராமாக்கும் தாமதத்தையும் உண்டாக்கிவிடுகிறார்.

பிற நாட்டார் கண்ட வழி

வேட்டை இன்றும் அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளில் இச்சிக்கலை எப்படித் தீர்க்கிறார்கள்? ஜெர்மனியின் கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின்படி, சுடப்பட்டுக் காயமுற்ற விலங்கு வேறொருவரின் வேட்டை எல்லைக்குள் சென்றுவிட்டால், இரு தரப்பாரும் முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்திருந்தால்தான் தொடர்ந்து செல்லலாம். அதே சட்டப் பிரிவு, விலங்கு தேவையற்ற வேதனையை அனுபவிக்காதபடி பார்த்துக்கொள்வதையும் கடமையாக்குகிறது. அதாவது, அடிபட்ட பின் அண்டையாரோடு பேரம் பேசிக் கொண்டிராதே, முன்னமே பேசி வைத்துக்கொள் என்பது அவர்கள் முறை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் வேறு வழியில் செல்கிறது. நுழையக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கப்படாத நிலத்தில், சட்டப்படி சுட்ட காயம்பட்ட விலங்கை மீட்பதற்காக ஒருவர் கால்நடையாக முன்அனுமதியின்றிச் செல்லலாம். மீட்டவுடன் வெளியேறிவிட வேண்டும்.

1805இல் நியூயார்க்கில் தீர்ப்பளிக்கப்பட்ட பியர்சன் எதிர் போஸ்ட் என்ற வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. நாய்களுடன் ஒரு நரியைத் துரத்தி வந்தவர் போஸ்ட். இடையில் புகுந்து அதைக் கொன்று எடுத்துக்கொண்டவர் பியர்சன். துரத்தியதால் மட்டும் உரிமை வந்துவிடாது, தப்ப முடியாதபடி காயப்படுத்தியிருக்கவோ சிக்க வைத்திருக்கவோ வேண்டும் என்று கூறி, பியர்சனுக்குச் சாதகமாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்த அளவுகோலும் ஏறத்தாழ இதுவே என்பது மதரஸா மாணவர்க்கு வியப்பளிக்கும்.

வேட்டையே இல்லாத நாட்டில் இப்பாடம் எதற்கு?

வேட்டை பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களில் எவரேனும் ஒருவர் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்துள்ளது. காடை, கௌதாரி, முயல் என்று ஒரு காலத்தில் ஊரெங்கும் பேசப்பட்ட வேட்டையும், தென் மாவட்டங்களில் விழாக் காலங்களில் நடந்து வந்த பாரி வேட்டையும் இன்று குற்றமே. 2022இல் திருத்தப்பட்ட இச்சட்டத்தின்படி பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மயில் போன்ற முதல் அட்டவணை உயிரினங்களாயின் தண்டனை இன்னும் கடுமையானது.

இச்சட்டத்தின் 39ஆம் பிரிவு நம் பொருளுக்கு மிக முக்கியமானது. சட்டத்துக்கு மாறாக வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு அரசின் உடைமை. இறந்து கிடக்கக் கண்டதும் அவ்வாறே. அத்தகைய ஒன்று எவ்வகையிலேனும் ஒருவர் கைக்கு வந்து சேருமானால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவித்தாக வேண்டும்.

இதிலிருந்து விளைவதென்ன? உரிமையாளர் இல்லாத பிராணி என்பதால்தான் வேட்டைப் பிராணி பிடித்தவருக்குச் சொந்தமாகிறது. சட்டம் அதை அரசின் உடைமை என்று அறிவித்துவிட்டால் அந்த அடிப்படையே மாறிவிடுகிறது. ஆகவே உங்கள் நிலத்தில் நாய் கடித்த நிலையில் கிடக்கும் மானை அறுத்து உண்பது, மான் ஹலாலான பிராணி என்பதாலேயே ஆகுமாகிவிடாது. பிறர் பொருளை எடுத்துண்பதற்கு அது ஒப்பாகும். இன்று பஹ்ஸீயின் இடத்தில் அரசு நிற்கிறது. உரியவர் வரும் வரை விட்டுவிடுமாறு ரவ்ஹாவில் இடப்பட்ட கட்டளை நமக்கும் பொருந்தும்.

கரிசல் காட்டில் நிகழ்வது

நம் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லை மேற்குத் தொடர்ச்சி மலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அதுவும் மேகமலையும் இணைந்து தமிழகத்தின் 5ஆவது புலிகள் காப்பகம் ஆயிற்று. ராஜபாளையம், வத்திராயிருப்புப் பகுதிகளில் மலைக்கும் தோப்புக்கும் இடையே ஒரு வேலிதான் வேறுபாடு. அங்கு மட்டுமா? மலையை விட்டு வெகுதொலைவிலுள்ள மானாவாரிக் காடுகளிலும் மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறது. விதைத்ததை மயில் கிளறுகிறது. கோடையில் தண்ணீர் தேடி வரும் புள்ளிமான் நாய்களிடம் சிக்குகிறது, அல்லது சுவரில்லாத கிணற்றில் விழுகிறது.

அப்போது நடப்பதென்ன? கிணறு ஒருவருடையது, வழி மற்றொருவருடையது. இருவருக்கும் பத்து வருடமாகப் பேச்சில்லை. தீயணைப்பு வண்டி வரப்பில் வந்து நிற்கிறது. "என் பருத்தியை மிதித்துக்கொண்டு போகக் கூடாது" என்கிறார் இடையில் உள்ளவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காலங்காலமாக மிதிபட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் கிணற்றுக்குள் நீந்திக் களைத்துக்கொண்டிருக்கும் உயிருக்கு வரப்புத் தகராறு தெரியாதே!

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. பன்றியைக் கொல்வதற்காக வெடிமருந்தைத் தின்பண்டத்தில் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காய். கடித்தவுடன் வெடித்து வாயும் தாடையும் சிதறும். பிராணி உடனே சாவதில்லை. உண்ணவும் குடிக்கவும் முடியாமல் எத்தனையோ வேலிகளைக் கடந்து அலைந்து, யாரோ ஒருவருடைய நிலத்தில் போய் விழும். 2020 மே 27 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்ட சினை யானையை நினைவிருக்கிறதா? வெடி பொதிந்த காயைக் கடித்துத் தாடை சிதைந்து, வேதனை பொறுக்க மாட்டாமல் அது நீரில் போய் நின்றது. மருந்தும் திரியும் வயிற்றுப் பிழைப்பாக உள்ள நம் சிவகாசி வட்டாரத்தில், அம்மருந்து கையை விட்டு நழுவி வயலுக்குப் போய்விடாமல் காப்பது அதிகாரிகளின் பொறுப்பு மட்டுமன்று, அதைக் கையாளும் ஒவ்வொருவருடைய பொறுப்பும் ஆகும். அவுட்டுக்காய் வைப்பது 1908ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டத்தின்படியும் குற்றமாகும்.

பன்றியால் விவசாயி படும் பாட்டை அரசும் உணராமலில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுவதற்கு அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவது. 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடுவது. இங்கும் நிலத்துக்காரரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. அடிபட்ட பன்றி அடுத்த தோட்டத்துக்குள் புகுந்தால், பின்தொடரும் வனத்துறையினருக்கு உடனே வழிவிட வேண்டும். காயம்பட்ட காட்டுப்பன்றி மிக ஆபத்தானது. மறுநாள் காலையில் அங்கே களை எடுக்க வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். நாம் உண்ணாத பிராணி என்பதால் அதன் வேதனையும் நமக்குச் சம்பந்தமில்லாததாகிவிடாது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியதற்காக ஒருவர் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் அல்லவா?

பட்டாசு ஆலை வளாகங்கள் தனி வகை. அங்கே அண்டையாருக்கு இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிடுவதும் தவறு. மணிமருந்து உள்ள இடத்தில் ஒரு தீப்பொறி, ஓர் உராய்வு போதும். ஆடோ மானோ உள்ளே போய்விட்டால், தேடி வந்தவர் வாயிலிலேயே நிற்க வேண்டும். காவலாளி ஃபோர்மேனுக்குச் சொல்லி, ஆலை ஆட்களே அதை வெளியே கொண்டுவர வேண்டும். வழிவிடுவது என்பதற்குப் பொருள் எப்போதும் உள்ளே விடுவது என்பதன்று. அவர் பொருள் அவரிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

வேலி தாண்டிய ஆடு

இனி, நம் இல்லங்களில் அடிக்கடி நிகழக் கூடியதைக் காண்போம். அண்டை வீட்டாரின் ஆட்டை நாய்கள் துரத்துகின்றன. கடிபட்ட ஆடு உங்கள் கொல்லைக்குள் பாய்ந்து விழுகிறது. வந்தவரிடம் உங்கள் வீட்டார், "அவர் வீட்டில் இல்லை, சாயங்காலம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சாயங்காலம் வரை அந்த ஆடு உயிரோடிருக்குமா?

வனவிலங்கு கடித்துத் தின்ற பிராணி விலக்கப்பட்டது என்றும், உயிர் போகுமுன் அறுத்தது ஆகுமானது என்றும் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் வரையறுக்கிறது. கடிபட்ட ஆட்டின் விஷயத்தில் உரியவருக்கு மூன்று வழிகள் உண்டு. மருத்துவம் செய்து பிழைக்க வைக்கலாம். உயிர் நிலைத்திருக்கும்போதே அறுத்துவிடலாம். தாமதமானால் புதைக்கலாம். முதல் இரண்டும் போய் மூன்றாவது மட்டும் மிஞ்சுமானால், ஓர் ஏழையின் பல மாத உழைப்பு நம் பூட்டிய கதவினால் மண்ணுக்குப் போய்விட்டது என்பதே பொருள். கடித்தது வெறிநாய் என்ற ஐயம் இருந்தால் மட்டும் அறுக்கவும் உண்ணவும் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே கடமை.

பயிரைத் தின்ற ஆடாக இருந்தால்? அதற்கும் வழி உண்டு. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் மேய்ந்துவிட்ட வழக்கில் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) அவர்கள் தீர்ப்பளித்ததை அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்கள் குறிப்பிடுகின்றன. நிலம் முன்போல் ஆகும் வரை ஆடுகளின் பயன் நிலத்துக்காரருக்கு, பிறகு ஆடுகள் உரியவருக்கே என்பது ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு என விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நட்டத்துக்கு ஈடு உண்டு, ஆனால் பொருள் பறிபோகவில்லை. நம் நாட்டின் 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டமும், பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பவுண்டில் சேர்க்க வேண்டும் என்றுதான் விதித்தது. தன் தொழுவத்தில் கட்டி வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை.

நாட்டுச் சட்டம் உள்ளே வருபவரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைவதுதான் குற்றமுறு அத்துமீறல். தன் ஆட்டைத் தூக்கிப் போக வந்தவர் அந்த வகையைச் சேர்ந்தவரல்லர். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும், ஓர் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான அனுமதி அவ்வுரிமையோடு சேர்ந்தே வருகிறது என்கிறது. ஒருவர் தம் நிலத்து மரங்களை விற்றால், வாங்கியவர் உள்ளே வந்து மரங்களை எடுத்துச் செல்லலாம் என்பது அச்சட்டம் தரும் உதாரணம்.

அண்டையாரின் உரிமை

தன் சுவரில் அண்டையார் மரச்சட்டம் பொருத்துவதைத் தடுக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முவத்தாவில் மற்றொரு செய்தி. ளஹ்ஹாக் பின் கலீஃபா என்பவர் தம் நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவர விரும்பினார். இடையில் முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களின் நிலம் இருந்தது. உமக்கும் இதில் பயன் உண்டு, கேடு எதுவும் இல்லையே என்று எடுத்துரைத்தும் அவர்கள் இசையவில்லை. வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் போயிற்று. உமர் (ரலி) அவர்கள் எடுத்துக் கூறியும் மறுப்பு மாறவில்லை. அப்போது, அவருடைய வயிற்றின் மீதாயினும் அவ்வாய்க்கால் ஓடியே தீரும் என்ற பொருள்பட ஆணையிட்டுத் திறக்கச் செய்தார்கள்.

இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தனக்குக் கேடில்லாத நிலையில் அண்டையாரின் பயனைத் தடுப்பது நல்ல முஸ்லிமின் இலக்கணம் அன்று என்பதில் வேறுபாடு இல்லை. இங்கே அண்டையார் என்பதற்கு எந்த மதத்தார் என்ற கேள்வியும் இல்லை.

நுழைபவரின் ஒழுக்கம்

வழிவிடுபவருக்கு மட்டும் உபதேசம் செய்து முடித்துவிட்டால் நீதியாகாது. அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. ஸமுரா பின் ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் பேரீச்ச மரம் இருந்தது. அதைப் பார்க்க அவர்கள் வந்து போவது, குடும்பத்தோடு இருந்த தோட்டக்காரருக்குச் சங்கடமாக இருந்தது. விற்றுவிடுமாறும், வேறு மரத்துக்கு மாற்றிக்கொள்ளுமாறும், அன்பளிப்பாகக் கொடுத்துவிடுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியும் ஸமுரா (ரலி) அவர்கள் இசையவில்லை. அவர் தீங்கு செய்பவர் என்று கூறி, மரத்தைப் பிடுங்கிவிடுமாறு தோட்டக்காரருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி வழங்கினார்கள். உள்ளே வரும் உரிமை உடையவரே ஆயினும் பிறருக்குத் தொல்லையாக வரக் கூடாது என்பது தெளிவாகிறது.

ஆகவே தேடி வருபவர் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் குரல் கொடுக்க வேண்டும். பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கற்பிக்கும் ஒழுக்கம். தோட்டத்தில் குடியிருப்போர் உண்டு, பெண்கள் உண்டு என்பதை மறக்கலாகாது.

2. வேலியைப் பிரித்துக்கொண்டு போகாமல் வாயில் வழியாகவே போக வேண்டும். தேவைக்கு மேல் ஆள் சேர்க்கக் கூடாது. நாய்களை வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

3. வரப்பில் நடக்க வேண்டும். பயிர் மிதிபட்டால், கேட்கும் முன்பே ஈடு கொடுக்க முன்வர வேண்டும்.

4. தேடி வந்ததை எடுத்ததும் வெளியேற வேண்டும். திறந்த படலை மூடிவிட்டுச் செல்ல வேண்டும்.

நிலத்துக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. நீங்கள் இல்லாத நேரத்தில் யார் திறந்துவிடலாம் என்பதை வீட்டாருக்கும் காவலாளிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அண்டை நிலத்தாரோடு நல்ல நேரத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2. திருட்டு மின்சாரத்தில் மின்வேலி போடாதீர்கள். உங்கள் அனுமதியோடு உள்ளே வந்தவரும், அனுமதி கேட்க வந்தவரும் அதில் சாகலாம். மின்வேலிகளுக்கு 2023இல் தமிழக அரசு விதிகளை வகுத்துள்ளது.

3. காட்டு விலங்கு அடிபட்டுக் கிடந்தால் வனச்சரக அலுவலகத்துக்கும், கிணற்றில் விழுந்திருந்தால் 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். கூட்டம் கூட விடாதீர்கள். மான் காயத்தைவிட அச்சத்தினாலேயே இறந்துவிடக் கூடியது. கூச்சலில்லாமல் தூரத்தில் நின்று காப்பதே அதற்குச் செய்யும் முதலுதவி.

4. வாய் சிதைந்த விலங்கைக் கண்டால், வெடிக்காத அவுட்டுக்காய் அருகில் கிடக்கலாம். குழந்தைகளை அண்ட விடாமல் காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

5. வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சிக் குழி தோண்டிப் புதைத்துவிடாதீர்கள். நீங்கள் அடிக்காத பிராணியைப் பற்றி நீங்களே முன்வந்து தெரிவிப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. மறைப்பதுதான் ஐயத்தை வளர்க்கும்.

வேலி தேவைதான். அதை எவரும் மறுக்கவில்லை. நம் பொருள் நமக்கென்று இருக்க வேண்டும் என்பதற்காக வேலி கட்டுகிறோம். நம்முடையது அல்லாத ஒன்று அதற்குள் வந்து விழுந்துவிட்டால், அதற்குரியவர் வரும் வரை அது நம்மிடம் உள்ள அமானிதம். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதற்காகப் படலைத் திறப்பதால் நிலத்தின் அளவில் ஒரு சாண் கூடக் குறைந்துவிடாது. அண்டையாரின் உள்ளத்தில் நமக்குள்ள இடமோ நிச்சயம் கூடும். கேட்டு வருபவருக்குத் திறக்கும் மனத்தையும், கேட்டு நுழையும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.